தாளில் வரும் கோடு டேப்லெட்டில் வராதது ஏன்?

வெள்ளைத்தாள்:

அனைவருக்கும் வணக்கம். 12 ஆண்டுகளாகப் பென்சிலாலும் மைப்பேனாவாலும் வரைந்து வருகிறேன். முறையாகப் பயின்றவரல்ல என்றாலும், கண்ணில் பட்டதைத் தாளில் கொண்டுவரும் அளவுக்குக் கை பழகியிருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன்பு, திரையில்லாத டேப்லெட் ஒன்றை வாங்கினேன். கண் கணினித் திரையில் இருக்க, கை மேசைமேல் கிடக்கும் பலகையில் பேனாவை ஓட்ட வேண்டிய வகை அது. தொடக்கத்தில் தடுமாற்றம் இருக்கும் என்று தெரிந்தே வாங்கியதால் முதல் இரண்டு வாரங்களைப் பொறுத்துக்கொண்டேன். எட்டு வாரங்கள் ஆகியும் கோடு என்னுடையதாக வரவில்லை.

சென்ற வாரம் அம்மாவின் கைகளை வரைய உட்கார்ந்தேன். முதலில் தாளில் வரைந்தேன். கட்டைவிரலின் அடியில் தசை மேடு புடைத்து, மணிக்கட்டை நோக்கி இறங்கும் இடத்தில், ஒரே இழுப்பில் கோடு அமைந்தது. தொடக்கத்தில் மெலிந்து, மேட்டின் மேல் தடித்து, இறங்கும் இடத்தில் மீண்டும் மெலிந்து முடிந்தது. அதே கோட்டை டேப்லெட்டில் 40 முறையாவது போட்டு அழித்திருப்பேன். பேனாவை வைத்தவுடன் கோடு ஒரு கணம் தயங்கிப் பிறகே கிளம்புகிறது. வளைவு நான் நினைத்ததைவிட அகலமாக விழுகிறது. நடுவழியில் நடுக்கம் தெரிகிறது. தடிமனைப் பொறுத்தவரை, ஒன்று நூலாக இருக்கிறது, அல்லது கயிறாக இருக்கிறது. இடைப்பட்ட நிலை வருவதே இல்லை. கோட்டின் நடுக்கத்தை மென்பொருளே சீராக்கும் ஸ்டெபிலைசரை முழு அளவுக்கு ஏற்றிப் பார்த்தேன். நடுக்கம் போய்விட்டது, ஆனால் அந்தக் கோட்டில் அம்மாவின் கையும் இல்லை, என் கையும் இல்லை.

விண்டோஸ் கணினி, 16:9 அளவுள்ள திரை, கிரிட்டா என்ற ஓவிய மென்பொருள் ஆகியவற்றைப் பயன்படுத்துகிறேன். இது கருவியின் குறையா, அமைப்புகளின் குறையா, அல்லது என் கையின் குறையா என்று பிரித்தறிய வழி இருக்கிறதா? திரையுள்ள டேப்லெட்டுக்கு மாறினால் இது தீர்ந்துவிடும் என்று சிலர் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன், அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கரித்துண்டு:

வணக்கம். நீங்கள் நான்கு குறைகளைத் தனித்தனியாகச் சொல்லியிருப்பதே பாதி வேலையை முடித்துவிட்டது. கோடு சரியில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் எதையும் சொல்ல முடிந்திருக்காது. தயக்கம், அகலம், நடுக்கம், தடிமன் ஆகிய நான்குக்கும் காரணங்கள் வெவ்வேறு. அவற்றில் மூன்று உங்கள் கையைச் சேர்ந்தவை அல்ல என்று எண்ணுகிறேன்.

முதலில் அகலத்தைப் பார்ப்போம். ஒரு வட்டமான மூடியை டேப்லெட்டின் மேல் வைத்து, அதன் விளிம்பை ஒட்டிப் பேனாவால் ஒரு சுற்று வாருங்கள். திரையில் விழுவது வட்டமா, படுத்த முட்டையா என்று அளவுகோல் கொண்டு அளந்து பாருங்கள். வரைபலகைகள் பலவற்றின் வேலைப்பரப்பு 16:10 என்ற விகிதத்தில் இருக்கும். உங்கள் திரையோ 16:9. பலகையைக் கணினியோடு இணைத்து இயக்கும் டிரைவர் மென்பொருள் எதையும் கேட்காமல் பலகையின் நான்கு மூலைகளைத் திரையின் நான்கு மூலைகளோடு பொருத்திவிடும்போது, கிடைவாட்டில் எல்லாம் சுமார் 11 விழுக்காடு இழுபட்டுப்போகும். இரண்டு திரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பலகையை இரண்டுக்கும் சேர்த்து விரித்திருந்தால் இழுவை இரு மடங்கையும் தாண்டிவிடும். அப்படி வரைந்துகொண்டிருப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

இந்த 11 விழுக்காடு சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் 12 ஆண்டுகள் பழகிய கை ஒரு வளைவைப் போடும்போது, அது எங்கே போய் முடியும் என்பதைக் கை முன்கூட்டியே அறிந்திருக்கிறது. கண்ணுக்கு வேறொன்று தெரிந்தவுடன், பாதி வழியில் கை தன்னைத் திருத்திக்கொள்ளப் பார்க்கிறது. நீங்கள் சொல்லும் நடுக்கத்தில் ஒரு பகுதி அந்தத் திருத்தமாகவே இருக்கக்கூடும். டேப்லெட்டின் டிரைவரில் விகிதத்தைக் காக்கும் அமைப்பு ஒன்று இருக்கும்; அதை இயக்கினால் பலகையின் கீழ் விளிம்பில் ஒரு பட்டை பயன்படாமல் போகும். 8 அங்குல அகலமும் 5 அங்குல உயரமும் கொண்ட பரப்பில் அரை அங்குலம்தான் இழப்பு.

அடுத்தது தயக்கம். பேனாவை ஓரிடத்தில் அழுத்திப் பிடித்தால் அதை வலது சொடுக்காக எடுத்துக்கொள்ளும் வழக்கம் விண்டோஸுக்கு உண்டு. பேனா இறங்கியவுடன், இவர் கோடு போட வந்தாரா, அழுத்திப் பிடிக்க வந்தாரா என்று அது காத்திருந்து பார்க்கிறது. அழுத்தும்போது கர்சரைச் சுற்றி ஒரு வளையம் தோன்றினால் காரணம் இதுவே என்று உறுதி செய்துகொள்ளலாம். விண்டோஸின் பேனா அமைப்புகளில் அதை நிறுத்திவிடுங்கள். கிரிட்டாவின் டேப்லெட் அமைப்பில் பேனாவின் அசைவுகளைப் பெற விண்டோஸ் இங்க், வின்டேப் என்ற இரண்டு வழிகள் இருக்கும். இப்போது இருப்பதை விட்டு மற்றதற்கு மாற்றி, கிரிட்டாவை மூடித் திறந்து, எது தடையின்றி ஓடுகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். இது கணினிக்குக் கணினி மாறும்; இதில் பொது விதி சொல்ல இயலாது.

தடிமன் பற்றி. பேனா எத்தனை படிகளில் அழுத்தத்தை உணர்கிறது என்பதை விளம்பரங்கள் பெரிதாகப் பேசுகின்றன: 2048, 4096, 8192 என்று எண்கள் ஏறிக்கொண்டே போகின்றன. உங்கள் கோடு 1 பிக்ஸலுக்கும் 20 பிக்ஸலுக்கும் இடையே தடித்து மெலியும்போது, அந்த 8192 படிகளில் எத்தனையைக் கண் பார்க்கப்போகிறது? படிகளின் எண்ணிக்கையைவிட, உங்கள் விரலின் அழுத்தம் எந்தப் படிகளில் போய் விழுகிறது என்பதுதான் கோட்டின் தன்மையை முடிவு செய்கிறது. அழுத்தி வரைபவரின் கை, அரைவாசி வலுவிலேயே மேல்படியை எட்டிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் கயிறுதான். கையைத் தளர்த்தினால் உடனே நூல். உங்களுக்கு நடப்பது இதுவாகவே இருக்க வேண்டும்.

இதற்கு, எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமன் என்று வகுக்கும் அழுத்த வளைகோட்டைத் திருத்த வேண்டும். டிரைவரில் ஒன்று, கிரிட்டாவின் பொது அமைப்பில் ஒன்று, ஒவ்வொரு பிரஷ்ஷுக்குள்ளும் ஒன்று என மூன்று இடங்களில் அது இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் தொட்டால் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி, எது எதைச் செய்கிறது என்று புரியாமல் போய்விடும். மற்ற இரண்டையும் நேர்கோடாக விட்டுவிட்டு, டிரைவரில் மட்டும் மாற்றுங்கள். கண்களை மூடிக்கொண்டு, பென்சிலால் இருக்கக்கூடிய மிக மெல்லிய கோடு, மிக அழுத்தமான கோடு, நடுத்தரமான கோடு என்று மூன்றைப் போடுங்கள். கண்ணைத் திறந்து பார்க்கும்போது நடுத்தரக் கோடு உண்மையிலேயே நடுவில் இருக்கும்வரை வளைகோட்டைத் திருத்துங்கள். கண்ணை மூடச் சொல்வதற்குக் காரணம் உண்டு: திறந்திருந்தால் கருவிக்கு ஏற்பக் கை தன்னை மாற்றிக்கொள்ளும், நமக்குத் தேவையானதோ கைக்கு ஏற்பக் கருவி மாறுவது.

மீதி இருக்கும் நடுக்கத்துக்கு ஒரே சோதனை. டேப்லெட்டின் மேல் அளவுகோலைச் சாய்வாக வைத்து, அதை ஒட்டி மிக மெதுவாக ஒரு கோடு இழுங்கள். ஸ்டெபிலைசரை முழுவதும் அணைத்துவிட்டுச் செய்ய வேண்டும். அளவுகோல் இருந்தும் கோடு அலை அலையாக வந்தால் கருவியில் குறை. நேராக வந்தால் நடுக்கம் கையினுடையது. அப்படித் தெரிந்தபின் அதைப் பற்றிப் பேசலாம். அதுவரை எதையும் வாங்க வேண்டாம். ஸ்டெபிலைசரையும் அணைத்தே வையுங்கள். அது நோயை மறைக்கும் மருந்து.

நீலமை:

கரித்துண்டு அவர்கள் சொன்ன சோதனைகள் அனைத்தும் சரி. ஸ்டெபிலைசர் பற்றிய கடைசி வரியோடு மட்டும் எனக்கு உடன்பாடில்லை. எண்ணெய் வண்ணத்தில் வரைபவர்களும் பெயர்ப்பலகை எழுதுபவர்களும், ஈர வண்ணத்தில் கை படாமல் இருக்கவும் கை நடுங்காமல் இருக்கவும், ஒரு நீண்ட கோலின் மேல் மணிக்கட்டைச் சாய்த்துக்கொண்டு வேலை செய்வதுண்டு. அதை யாரும் குறையாக எண்ணுவதில்லை. வரைவு முடிந்து, அதன்மேல் மையிடும் கட்டத்தில் சிறிதளவு ஸ்டெபிலைசர் அந்தக் கோலைப் போன்றது.

ஆனால் அது செய்வது என்ன என்று அறிந்து பயன்படுத்த வேண்டும். பேனா இருக்கும் இடத்தில் அது கோட்டைப் போடுவதில்லை. கடந்துவந்த சில புள்ளிகளின் சராசரியை எடுத்து, அந்த இடத்தில் போடுகிறது. ஆகவே கோடு எப்போதும் பேனாவுக்குப் பின்னால் வரும். கூர்மையான திருப்பங்கள் மழுங்கும். 'ஞ' என்ற எழுத்தை ஸ்டெபிலைசர் இல்லாமல் ஒரு முறையும், முழு அளவில் ஒரு முறையும் எழுதிப் பாருங்கள். இரண்டாவதில் உள்சுழி சுருங்கி, மூலைகள் உருண்டு, எழுத்து வீங்கியதுபோல் இருக்கும். உங்கள் அம்மாவின் கையில் தசை மேடு முடிந்து மணிக்கட்டு தொடங்கும் சிறு திருப்பத்தைத்தான் அது தின்றுவிட்டது. தாவரத் தண்டு, துணி மடிப்பு, நீண்ட கூந்தல் ஆகியவற்றுக்குக் கொஞ்சம் ஏற்றலாம். கை, முகம், கண்ணிமை ஆகியவற்றுக்கு அணைத்துவிடலாம். ஐபேடுக்கான ஓவியச் செயலியான புரோகிரியேட்டில் இதற்கு ஸ்ட்ரீம்லைன் என்று பெயர். அது பிரஷ்ஷுக்குப் பிரஷ் தனித்தனியாக அமைவதால் இந்தப் பிரிவினை அங்கே இன்னும் எளிது.

இன்னொரு செய்தி, உங்கள் கருவியைப் பற்றியது. உங்கள் பேனாவில் மின்கலம் இருக்கிறதா என்று சொல்லவில்லை. இல்லையென்றால், அது மின்காந்த ஒத்ததிர்வு முறையில் வேலை செய்யும் பேனா. பலகையின் அடியில் கம்பி வலை ஒன்று இருக்கிறது; அது எழுப்பும் காந்த அலையில் பேனாவுக்குள் இருக்கும் சிறு சுருள் அதிர்ந்து, திரும்ப ஓர் அலையை அனுப்புகிறது. முனை அழுந்தும்போது அந்த அதிர்வு சற்றே மாறுவதை வைத்து அழுத்தம் கணக்கிடப்படுகிறது. வாக்காம் நிறுவனத்தின் பலகைகளும், அதே நுட்பத்தைக் கொண்ட சாம்சங்கின் எஸ் பென்னும் இந்த வகையைச் சேர்ந்தவை. இதில் உங்களுக்குப் பயன்படும் ஒன்று இருக்கிறது: காந்த அலைக்குத் தாள் ஒரு தடையல்ல. வழுக்கும் பிளாஸ்டிக் பரப்பின் மேல் ஒரு மெல்லிய தாளை விரித்து, நான்கு மூலைகளிலும் ஒட்டிக்கொண்டு வரைந்து பாருங்கள். நீங்கள் மைப்பேனாவில் பழகியவர். முனை தாளில் உரசும்போது எழும் சிறு எதிர்ப்புதான் உங்கள் விரல்களுக்கு வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தது. வழுவழுப்பான பரப்பில் அந்தச் செய்தி விரலுக்கு எட்டுவதில்லை. பேனா முனை விரைவில் தேயும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

புதுத்தூரிகை:

இடையில் ஒரு சிறு கேள்வி. என்னிடம் படம் பார்ப்பதற்காக வாங்கிய சாதாரண டேப்லெட் ஒன்று இருக்கிறது. அதற்கெனத் தனிப் பேனா எதுவும் கிடையாது. ரப்பர் முனையுள்ள பொதுவான ஸ்டைலஸைக் கொண்டு அதில் ஓவியம் பழக முடியுமா?

நீலமை:

பழகலாம், ஆனால் எதைப் பழகுகிறீர்கள் என்பது முக்கியம். ரப்பர் முனை ஸ்டைலஸைத் திரை உங்கள் விரலாகவே கருதுகிறது. அதற்கு அழுத்தம் தெரியாது. முனை பருமனாக இருப்பதால் கோடு எந்தப் புள்ளியில் விழும் என்பதும் உங்களுக்குத் தெரியாது. உள்ளங்கை திரையில் பட்டாலும் அதையும் ஒரு விரல் என்றே எடுத்துக்கொள்ளக்கூடும். வண்ணச் சேர்க்கை, ஒளி நிழல், படத்தை அடுக்கடுக்காகப் பிரித்து வரையும் லேயர்களைக் கையாளும் முறை ஆகியவற்றைக் கற்க அது போதும். கோட்டைக் கற்க அது உதவாது. பின்னர் பேனாவோடு வாங்குவதாக இருந்தால், அந்தப் பேனா அழுத்தத்தை உணருமா என்பதைப் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். 2015-இல் வந்த முதல் ஆப்பிள் பென்சில் அழுத்தத்தையும் சாய்வையும் உணர்ந்தது. 2023-இல் வந்த யூஎஸ்பி-சி வகை ஆப்பிள் பென்சிலுக்குச் சாய்வு தெரியும், அழுத்தம் தெரியாது. குறிப்பெடுக்க ஏற்ற பேனாவும் வரைய ஏற்ற பேனாவும் ஒரே பெயரில் கிடைக்கலாம்.

வெள்ளைத்தாள்:

இருவருக்கும் நன்றி. நேற்று மாலை முழுவதும் சோதனைகளைச் செய்து முடித்தேன்.

மூடியைச் சுற்றி வரைந்தபோது திரையில் விழுந்தது முட்டைதான். அகலம் 100 மில்லிமீட்டர், உயரம் 90 மில்லிமீட்டர். எட்டு வாரங்களாக இதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறேன். விகிதத்தைச் சரிசெய்தவுடன் வளைவுகள் நினைத்த இடத்தில் விழத் தொடங்கின. அழுத்திப் பிடித்தபோது வளையம் தோன்றியது. அந்த அமைப்பை நிறுத்தியதும் தொடக்கத் தயக்கமும் நின்றுவிட்டது. அழுத்த வளைகோட்டில் ஒரு மணி நேரம் செலவானது. கண்ணை மூடிப் போட்ட நடுத்தரக் கோடு, முதலில் அழுத்தமான கோட்டிலிருந்து வேறுபடவே இல்லை என்பதைக் கண்டபோது, கரித்துண்டு அவர்கள் சொன்னது எவ்வளவு துல்லியம் என்று புரிந்தது. இப்போது மூன்று கோடுகளும் மூன்றாக நிற்கின்றன.

அளவுகோல் சோதனையில் கோடு நேராகவே வந்தது. ஆகவே மிச்சமிருக்கும் நடுக்கம் என்னுடையதுதான். தாளில் இல்லாத நடுக்கம் இங்கே மட்டும் ஏன் வருகிறது என்பது இன்னும் விளங்கவில்லை. திரையுள்ள டேப்லெட் பற்றிய கேள்வியும் அப்படியே இருக்கிறது. கையையும் கோட்டையும் ஒரே இடத்தில் பார்க்க முடிந்தால் இந்த நடுக்கம் போய்விடுமா?

மூன்றாம்பிறை:

திரையுள்ளதைப் பற்றி நான் சொல்லலாம் என்று நினைக்கிறேன். இரண்டையும் பல ஆண்டுகள் பயன்படுத்தியவன்.

இந்த இரண்டு பாதைகளும் மிகப் பழையவை. 1963-இல் ஐவன் சதர்லேண்ட் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற வரையும் மென்பொருளில், ஒளிப்பேனாவைத் திரையின் மேலேயே வைத்து வரைந்தார்கள். அடுத்த ஆண்டு வந்த ராண்ட் டேப்லெட்டில் கை கீழே ஒரு சதுரப் பலகையில் இருந்தது, கண் எதிரே இருந்த திரையில் இருந்தது. பத்து அங்குல அளவுள்ள அந்தப் பலகை, ஓர் அங்குலத்தில் 100 கோடுகளைப் பிரித்தறிந்தது. 60 ஆண்டுகள் ஆகியும் இரண்டில் எதுவும் மற்றதை ஒழித்துவிடவில்லை என்றால், இரண்டுக்கும் தனித்தனி நியாயங்கள் இருப்பதால்தான்.

திரையுள்ள டேப்லெட் தரும் மகிழ்ச்சி உண்மையானது. முனை படும் இடத்தில் கோடு பிறப்பதைப் பார்க்கும்போது தாளின் நினைவு திரும்பிவிடும். ஆனால் அதற்கென்று சில சிக்கல்கள் உண்டு. கண்ணாடிக்கும் அதன் அடியிலுள்ள படத்துக்கும் இடையே இடைவெளி இருந்தால், பேனா முனை ஓரிடத்திலும் கோடு சற்றுத் தள்ளியும் விழும். தலையைச் சாய்த்தால் அந்த விலகலும் மாறும். கண்ணாடியும் திரையும் இடைவெளியின்றி ஒட்டப்பட்டவற்றில் இது குறைவு. வாங்கினால், நீங்கள் வழக்கமாக உட்காரும் நிலையிலிருந்தே அளவுத்திருத்தம் செய்ய வேண்டும். உங்கள் கையே படத்தின் ஒரு பகுதியை மறைத்துக்கொள்ளும் என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். திரையுள்ளதை மேசைமேல் படுக்கவைத்து, அதன்மேல் குனிந்து, நாளுக்கு ஆறேழு மணி நேரம் ஓராண்டு வரைந்தேன். கழுத்தின் இடப்பக்கத்தில் தொடங்கிய வலி தோள்பட்டை வழியாக இறங்கி, முடிவில் பேனாவைப் பிடிக்கும் விரல்களில் மரத்துப்போகும் அளவுக்கு வந்தது. சாய்தாங்கியில் நிறுத்தி வரைந்திருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது; அதை அப்போது யாரும் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை. குணமானபின் திரையில்லாத பலகைக்கே திரும்பினேன். தலை நிமிர்ந்திருக்கிறது, முதுகு நேராக இருக்கிறது, கை படத்தை மறைப்பதில்லை. நீண்ட வேலைகளுக்கு இன்றும் அதுவே என் கருவி. வெளியே அமர்ந்து பார்த்து வரைவதற்கு மட்டும் திரையுள்ளதை எடுத்துச் செல்கிறேன்.

திரையுள்ள டேப்லெட் நடுக்கத்தைப் போக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கோட்டைப் பாதியில் திருத்திக்கொள்ளும் பழக்கத்தால் வரும் நடுக்கத்தைக் குறைக்கலாம். மெதுவாக இழுப்பதால் வரும் நடுக்கத்தை அது சிறிதும் குறைக்காது; வழுக்கும் கண்ணாடியில் இன்னும் கூடுதலாகத் தெரியவும் செய்யலாம்.

கரித்துண்டு:

மூன்றாம்பிறை அவர்களின் கடைசி வரியிலிருந்தே தொடர்கிறேன். நீலமை அவர்கள் ஸ்டெபிலைசர் பற்றிச் சொன்னதையும் ஏற்கிறேன். மையிடும் கட்டத்துக்கு அது சரிதான். பழகும் கட்டத்தில் அணைத்துவைக்கச் சொன்னதை மட்டும் திரும்பப் பெற மாட்டேன்.

தாளில் இல்லாத நடுக்கம் இங்கே ஏன் என்று கேட்டீர்கள். மூன்று கேள்விகளுக்கு விடை பாருங்கள்.

எந்த அளவில் பெரிதாக்கி வைத்து வரைகிறீர்கள்? ஏ4 அளவுத் தாளை 300 டிபிஐ செறிவில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், திறந்தால் அது 2480 பிக்ஸல் அகலமும் 3508 பிக்ஸல் உயரமும் கொண்டது. முழுப்படமும் திரையில் தெரியும்படி சுருக்கி வைத்து வரைந்தால், உங்கள் கையின் ஒரு மயிரிழை அசைவு படத்தில் பல பிக்ஸல்களாக விரிகிறது. அதற்கு அஞ்சி 300 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கினால், தாளில் இரண்டு அங்குலமாக இருந்த கோடு பலகையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை நீண்டுவிடுகிறது. அதைக் கை ஒரே மூச்சில் போடாது. கையின் ஓவியத்தை 50 முதல் 100 விழுக்காட்டுக்குள் வைத்து வரையுங்கள். திரையில் தெரியும் அம்மாவின் கை, நீங்கள் தாளில் வரைந்த கையின் அளவில் இருக்கட்டும்.

ஒரு கோட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறீர்கள்? தாளில் அழிக்க முடியாது என்பதால் நீங்கள் முதலில் காற்றில் ஒருமுறை, இருமுறை கையை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பிறகு ஒரே இழுப்பாக இழுத்திருப்பீர்கள். அதை நீங்கள் அறியாமலே செய்திருக்கலாம். டேப்லெட்டில் போட்டதை நீக்கும் அன்டூ இருக்கிறது என்பது தெரிந்தவுடன் காற்றில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் போய்விடுகிறது; நேராகப் பேனாவை வைத்து, பார்த்துப் பார்த்து, எறும்பு ஊர்வதுபோல் கோட்டைச் செலுத்துகிறோம். மெதுவாக இழுக்கும் எந்தக் கையும் நடுங்கும். 40 முறை போட்டு அழித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த 40-இல் எத்தனை முறை காற்றில் ஓட்டிப் பார்த்தீர்கள்? இந்தப் பலகைகளில் பேனா பரப்பைத் தொடாமல் சற்று மேலே இருக்கும்போதே கர்சர் நகரும். ஆகவே காற்றில் ஓட்டும்போது பாதையைத் திரையிலேயே பார்க்கலாம். தாளில்கூட இல்லாத வசதி இது.

கோடு எங்கிருந்து கிளம்புகிறது? சிறிய பலகையில் எல்லாக் கோடுகளையும் மணிக்கட்டே போடப் பார்க்கும். மணிக்கட்டுக்குத் தெரிந்தது சிறு வில் மட்டுமே. கட்டைவிரலின் மேட்டிலிருந்து மணிக்கட்டுவரை போகும் நீண்ட வளைவு முழங்கையிலிருந்து வர வேண்டும். பலகையை உடலிலிருந்து சற்றுத் தள்ளி வைத்து, முன்கை முழுவதும் நகர இடம் கொடுங்கள். பலகை கோணலாக இல்லாமல் திரைக்கு நேராக இருக்கிறதா என்றும் பாருங்கள். தாளைச் சாய்த்து வரைந்த பழக்கத்தில் பலகையையும் சாய்த்தால், கை மேலே போகும்போது கர்சர் சாய்ந்து போகும். தாளைத் திருப்ப விரும்பினால் மென்பொருளுக்குள் படத்தைத் திருப்புங்கள்; கிரிட்டாவில் ஷிப்டையும் இடைவெளிப் பொத்தானையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு இழுத்தால் படம் சுழலும்.

வேகமாகப் போடும்போது கோடு பேனாவுக்குப் பின்தங்கினால், அது நடுக்கமல்ல, கணினியின் சுமை. ஏ4 அளவில் ஒரு லேயர் மட்டும் சுமார் 35 மெகாபைட் நினைவகத்தைக் கேட்கலாம். கோடு பழகும்போது இரண்டு லேயர்களுக்கு மேல் வேண்டியதில்லை.

ஒரு வாரத்துக்கு அன்டூவைத் தொடாமல் வரையுங்கள். தவறிய கோட்டின் பக்கத்திலேயே அடுத்த கோட்டைப் போடுங்கள், தாளில் செய்வதுபோல.

வெள்ளைத்தாள்:

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன்.

கரித்துண்டு அவர்கள் கேட்ட கேள்விக்கு என் விடை: ஒருமுறைகூட இல்லை. தாளில் வரையும்போது என்னை நானே கவனித்துப் பார்த்தேன். ஒவ்வொரு நீண்ட கோட்டுக்கும் முன் பென்சில் தாளுக்கு மேலே இரண்டு முறை போய் வருகிறது. எனக்கே அது இவ்வளவு நாள் தெரியவில்லை. டேப்லெட்டில் அதை வலிந்து செய்தேன். முதல் மூன்று நாட்கள் செயற்கையாக இருந்தது. நீலமை அவர்கள் சொன்னபடி தாளையும் ஒட்டிக்கொண்டேன். உரசும் ஒலி கேட்டவுடன் கை தானாகவே வேகம் கொண்டது.

நேற்று அம்மாவின் கையை 60 விழுக்காட்டு அளவில் வைத்து மீண்டும் வரைந்தேன். கட்டைவிரல் மேட்டின் கோடு ஒன்பதாவது முயற்சியில் அமைந்தது. முந்தைய எட்டும் பக்கத்தில் அப்படியே இருக்கின்றன, அழிக்கவில்லை. கோடு முடியும் இடம் மட்டும் இன்னும் மெலியாமல் வெட்டினாற்போல் நிற்கிறது. முடிவில் பேனாவை நிறுத்திவிட்டுத் தூக்குகிறேன், ஓட்டத்திலேயே தூக்குவதில்லை என்று தெரிகிறது. அதில்தான் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறேன். திரையுள்ள டேப்லெட்டை இப்போதைக்கு வாங்கவில்லை.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. தாள் ஒட்டியதிலிருந்து பேனா முனையின் ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. உடனே மாற்ற வேண்டுமா?

நீலமை:

விரல் நுனியால் தடவிப் பாருங்கள். சரிவு மழுமழுவென்று இருந்தால் முனையை அரைச் சுற்றுத் திருப்பிச் செருகிக்கொண்டு தொடரலாம். விளிம்பு கூராகி, நகத்தில் இழுத்தால் கீறுகிறது என்றால் மாற்றிவிடுங்கள். தாள் கிழிந்தால் அந்த விளிம்பு பலகையின் பரப்பைக் கீறிவிடும், அந்தக் கீறல்களில் பேனா பிறகு எப்போதும் தடுக்கும். பெரும்பாலான பேனாக்களோடு மாற்று முனைகளும், பழைய முனையைப் பிடுங்க ஒரு சிறு வளையமும் சேர்ந்தே வரும். பேனாவைத் தாங்கும் குப்பியைத் திறந்து பாருங்கள். பலவற்றில் அதன் அடிப்பகுதியில்தான் முனைகளைச் செருகி வைத்திருப்பார்கள்.